ஹோல்டில் வைத்த கிணறு

பெயர் முனீஸ்வரி, வயது 41, கணவர் பெயர் வேலுசாமி, ஸ்ரீவில்லிபுத்தூர் கீழமேட்டுத் தெரு. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டும் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து வருகிறேன். என் கணவர் போர்வெல் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் இருக்கிறார். பொங்கலுக்குத்தான் ஊருக்கு வருவார்.

நேற்று இதே நிலையத்தில் நான் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் நான் பொய் எதுவும் சொல்லவில்லை, ஆனால் பாதியைத்தான் சொன்னேன். மீதியைச் சொல்ல இன்று யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன். என் கொழுந்தன் மாரீஸ்வரனை இன்று மாலை கோர்ட்டில் ஆஜர்படுத்தி ரிமாண்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்பு இதை எழுதி முடித்து இன்ஸ்பெக்டர் ஐயா பார்வைக்கு வைக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் ஏட்டையா எழுதுகிறார். நடுவில் ஒரு முறை, "சுருக்கமாச் சொல்லும்மா" என்றார். சுருக்கமாகச் சொன்னதால்தான் ஒரு மனிதர் உள்ளே இருக்கிறார் என்று நான் சொன்னேன். அவர் இன்னொரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கும் கொழுந்தனுக்கும் ஆளுக்குப் பாதியாகத் தென்னந்தோப்பு இருக்கிறது. கிணறும் மோட்டாரும் பொது. ஒரு வாரம் எங்கள் முறை, மறு வாரம் அவர் முறை. மும்முனைக் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், என் கணவர் போகும் முன்பு ராஜபாளையம் எலக்ட்ரீசியன் சதீஷை வைத்து செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டிவிட்டுப் போனார். அந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு உண்டு. அதன் எண்ணை நான் என் போனில் 'மோட்டார்' என்றே பதிந்து வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் ஒரு பெண் குரல் எடுத்து, மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்லும். ஒன்றை அழுத்தினால் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். நாம் துண்டிக்கும் வரை சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும். என் எண், கொழுந்தன் எண் ஆகிய இரண்டுக்கும்தான் அது கட்டுப்படும். கரண்ட் வந்தால் அதுவே முதலில் என்னைக் கூப்பிடும். நான் எடுக்காவிட்டால் அடித்து ஓய்ந்து கொழுந்தனைக் கூப்பிடும். அவர் முறை வாரங்களில் நான் எடுக்க மாட்டேன். அதுதான் பழக்கம்.

எனக்கும் கொழுந்தனுக்கும் எட்டு மாதமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. எங்கள் முறையில் தண்ணீர் அவர் பக்கம் போய், நான் வைத்த தென்னம்பிள்ளைகள் காய்ந்துவிட்டன. வேலையாள் வால்வைத் திருப்ப மறந்துவிட்டான் என்று அவர் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு நான் சொன்ன பதில் அவர் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அதிலிருந்து மோட்டார் அறைச் சாவியைக்கூட நேரில் கொடுப்பதில்லை. கிணற்று மேட்டுப் புங்க மரத்தில் ஒரு பொந்து இருக்கிறது. முறை முடிந்தவர் அதில் வைத்துவிட்டுப் போவார், அடுத்தவர் எடுத்துக்கொள்வார். நடந்த சம்பவம் அவர் முறை வாரத்தில் நடந்தது. சாவி அவர் இடுப்பில் இருந்தது.

பாதிக்கப்பட்ட சத்தியநேசன் என்பவருக்குச் சுமார் ஐம்பது வயது இருக்கும். மலையடிவாரத் தோப்புகளில் கிணற்றுக்குள் இறங்கிப் பம்பு வேலை பார்ப்பவர். நேசண்ணன் என்றுதான் எல்லோரும் சொல்வோம். எங்கள் பம்பு கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் கல்மேடை ஒன்றின் மேல் இருக்கிறது. பம்பின் தண்டு சுற்றும் இடத்தில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் கிளாண்ட் கயிறு தேய்ந்து, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் தண்டின் பக்கத்திலேயே விரலை விட வேண்டும். மோட்டார் அசைந்தால் கை போய்விடும்.

நேசண்ணனுக்கு ஒரு கறாரான பழக்கம் உண்டு. முன்பு ஏதோ ஒரு தோப்பில், நிறுத்தியாச்சு என்று தோட்டக்காரர் சொன்ன வார்த்தையை நம்பி இறங்கி, ஒரு விரல் நுனியை இழந்தவர் அவர். அதிலிருந்து மனிதர் வாக்கை நம்புவதில்லை. மோட்டார் அறைச் சாவியைக் கொடுத்து அவரையே பியூஸைப் பிடுங்கச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மோட்டாரையும் அவரையும் ஒரே லைனில் சேர்த்துவிட வேண்டும். "மோட்டாரே எங்கிட்டச் சொல்லட்டும், பொறவு எறங்குதேன்" என்பார். இந்தப் பக்கத்தில் என்னைப் போல எத்தனையோ பேர் கான்பரன்ஸ் போடக் கற்றுக்கொண்டதே இவரால்தான். மோட்டாரைக் கூப்பிட்டு, அதை ஹோல்டில் வைத்து, அவரைக் கூப்பிட்டு, இரண்டையும் மெர்ஜ் செய்து கொடுத்தால் அவர் காதால் கேட்டுக்கொண்டு இறங்குவார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. கூப்பிட்டவர் துண்டிக்கும் முன்பு அவராகத் துண்டிக்க மாட்டார். அது மரியாதைக் குறைவு என்பது அவர் நினைப்பு. பேசி முடித்ததும் போனை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், நாம்தான் துண்டிக்க வேண்டும். இதை நான் நேற்றுச் சொல்லவில்லை, ஏனென்றால் இது ஒரு விஷயமாகும் என்று எனக்கு நேற்றுத் தெரியாது.

நேசண்ணன் கிடைப்பதே அபூர்வம். நேற்று ஒரு நாள்தான் வர முடியும் என்றார். கொழுந்தனிடம் சாவி கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் கணவருக்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்லியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. சாவி இல்லாமலே வேலையை முடித்துவிட்டால் யாரிடமும் தணிந்து போக வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

சம்பவம் நடந்த நேற்றுக் காலை டீ இடைவேளையில் நான் கம்பெனியின் சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்து, மோட்டாரைக் கூப்பிட்டேன். மோட்டார் ஓடுகிறது என்று குரல் சொன்னது. அப்போது கொழுந்தன் கீழ்க்கோடியில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறார். நான் இரண்டை அழுத்தினேன். நிறுத்தப்பட்டது என்று குரல் சொன்னது. அதன் பிறகு மோட்டாரை ஹோல்டில் வைத்து, நேசண்ணனைக் கூப்பிட்டு, இரண்டையும் சேர்த்தேன். அவர் கிணற்று மேட்டில் நின்றார். கூட அவர் மனைவி ஜெயபாய் இருந்தார். அவர்தான் மேலிருந்து கயிறு பிடித்து, சாமான்களை இறக்கிக் கொடுப்பவர். மோட்டார் தன் பாட்டைச் சொல்லி முடித்ததும் நேசண்ணன், "சரி தாயி, காதால கேட்டுக்கிட்டேன். எறங்குதேன்" என்றார். சட்டையில் போன் உரசும் சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். சிவப்புப் பொத்தானை அழுத்தி எல்லா லைனையும் துண்டித்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் செய்வேன். கை அதற்குத்தான் போனது. அதற்குள் காதில் டொய்ங் டொய்ங் என்று வேறொரு அழைப்பு வரும் சத்தம் கேட்டது. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தால் திரையில் 'மாரி தம்பி' என்று இருந்தது. எட்டு மாதமாக அந்தப் பெயர் என் போனில் வரவில்லை. சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று தெரிந்தும், எடுக்காமல் இருக்க முடியவில்லை. இருக்கும் அழைப்பைத் துண்டித்துவிட்டு எடுக்கவா, ஹோல்டில் வைத்துவிட்டு எடுக்கவா என்று போன் கேட்டது. நான் அவசரத்தில் ஹோல்டை அழுத்தி எடுத்துவிட்டேன்.

அவர் எடுத்த எடுப்பிலேயே, "மதினி, வாய்க்கால்ல தண்ணி நின்னுபோச்சு. மோட்டாருக்குப் போட்டா பிசி பிசின்னு வருது. லைன்ல யாரு, நீங்கதான?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். "எம்மொறையில நிறுத்துறதுக்கு நீங்க யாரு?" என்றார். நான் பதிலுக்கு, என் தென்னம்பிள்ளை காயும்படி தண்ணீர் உங்கள் பக்கம் போனபோது நீங்கள் யாரைக் கேட்டீர்கள் என்று கேட்டேன். அவர் சத்தம் போட்டார், நானும் போட்டேன். சைக்கிள் ஸ்டாண்டு வாட்ச்மேன் எட்டிப் பார்க்கும் அளவுக்குப் பேசினோம். எட்டு மாதத்துக்கும் சேர்த்துப் பேசினோம் என்று எழுதிக்கொள்ளலாம். கடைசியில் அவர், "இந்தா இப்ப நான் போடுதேன் மோட்டார. எவன் நிறுத்துதான்னு பாக்கேன்" என்றார். இந்தப் பேச்சை நேற்றைய வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறேன். அது உண்மை. அவர் அப்படித்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை நேற்று நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அவர் அப்படிச் சொன்னதும் நான், "தம்பி, போட்டுறாதீக, உள்ள ஆளு இருக்காக" என்றேன். அவர் சத்தம் சட்டென்று நின்றது. "யாரு, நேசண்ணனா?" என்றார். ஆமாம் என்றேன். "ஐயோ மதினி, சாவி எங்கிட்டல்லா இருக்கு! எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? செத்த பொறுங்க, நான் வந்து பியூஸப் பிடுங்குதேன். அதுவரைக்கும் நேசண்ணன மேல ஏறி நிக்கச் சொல்லுங்க" என்றார். வண்டியை உதைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அழைப்பை அவர் துண்டிக்கவில்லை. போன் அவர் கையிலோ பையிலோ இருந்தது, வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு நேசண்ணனை மேலே வரச் சொல்லலாம் என்று கொழுந்தனை ஹோல்டில் வைத்துவிட்டு முதல் லைனுக்குப் போனேன். அங்கே நேசண்ணன் குரல் இல்லை. தூரத்தில் ஜெயபாய் கத்துவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. அதற்கு மேலே, பக்கத்தில், அந்தப் பெண் குரல் எப்போதும் போல நிதானமாக, மோட்டார் ஓடுகிறது, நிறுத்த இரண்டை அழுத்தவும் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்கு எண் பலகை திறக்கவில்லை. கான்பரன்ஸ் ஓடும்போது திரையில் வேறு என்னென்னவோ வந்தது. வியர்வைக் கையால் தொட்டதில் ஸ்பீக்கர் போய்விட்டது, பிறகு மியூட் ஆனது. ஒரு வழியாக எண் பலகை வந்து இரண்டை அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். நிறுத்தப்பட்டது என்று குரல் சொன்னது. எத்தனை நேரம் ஓடியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு ஜெயபாயின் சத்தம் மட்டும்தான் கேட்டது. "ஏசப்பா, ஏசப்பா" என்று கத்தினார்.

கொழுந்தனின் அழைப்பு அப்போதும் ஹோல்டில்தான் இருந்தது. எடுத்து, "தம்பி, ஓடிருச்சு, ஓடிருச்சு" என்று மட்டும் சொன்னேன். பிறகு நான் தெரிந்துகொண்டபடி, அவர் வண்டியை மேட்டில் சாய்த்துப் போட்டுவிட்டு, பியூஸைப் பிடுங்கக்கூட நில்லாமல் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறார். நேசண்ணன் வலது கை தண்டில் சிக்கிச் சிதைந்த நிலையில் மேடையிலிருந்து சரிந்து தண்ணீரில் கிடந்திருக்கிறார். அவர் போன் மட்டும் பையிலிருந்து நழுவி மேடையிலேயே கிடந்திருக்கிறது. தலையிலும் அடி. கொழுந்தன்தான் அவர் மார்போடு கயிற்றைக் கட்டி, ஜெயபாய் மேலிருந்து இழுக்க, கீழிருந்து தூக்கி ஏற்றியிருக்கிறார். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். கொழுந்தன் சட்டை முழுக்க ரத்தத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார். அங்கே வைத்துத்தான் கைது செய்தார்கள்.

கைதுக்குக் காரணமே நான் கொடுத்த வாக்குமூலம்தான். மிரட்டினாரா என்று கேட்டார்கள், மிரட்டினார் என்றேன். என்ன வார்த்தை சொன்னார் என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். அதற்கடுத்து என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டேன் என்று எழுத வேண்டாம். நாக்கு நுனியில் இருந்தது. அவர் போடவில்லை என்றால் வேறு யார் போட்டது என்று கேள்வி வரும், அது என்னிடம்தான் வந்து நிற்கும் என்று பயந்தேன். காய்ந்துபோன தென்னம்பிள்ளைகளும் அப்போது நினைப்பில் வந்தன. அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளவும்.

கொழுந்தன் போனில், சம்பவத்துக்குச் சற்று முன்பு மோட்டார் எண்ணுக்குக் கூப்பிட்டிருப்பதாகப் பதிவாகியிருக்கிறது, அதுவே சாட்சி என்று நேற்று இங்கே பேசிக்கொண்டார்கள். இரவெல்லாம் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மோட்டாருக்குப் போட்டால் பிசி என்று வருகிறது என்றுதானே அவர் என்னிடம் சண்டைக்கு வந்தார்? அந்தப் பெட்டி ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேசும். நான் ஹோல்டில் வைத்திருந்தாலும் அந்த லைன் என்னுடையதுதான். நான் விடாத வரையில் அவர் ஆயிரம் தடவை போட்டாலும் மோட்டார் எடுக்காது. மோட்டார் அறையும் பூட்டியபடியே இருந்தது, யாரும் அந்தப் பக்கம் வரவில்லை என்று ஜெயபாயே நேற்று எழுதிக் கொடுத்த புகாரில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் மோட்டாரைப் போட்டது என் லைனில் சேர்ந்திருந்த ஆள்தான். அதில் இரண்டே பேர்தான் இருந்தோம், நானும் நேசண்ணனும். நான் ஒன்றை அழுத்தவில்லை.

இன்று காலை கடை திறக்கும் முன்பே ராஜபாளையம் போய் எலக்ட்ரீசியன் சதீஷின் கடை வாசலில் நின்றேன். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அதே மாதிரிப் பெட்டி ஒன்றைக் கடையில் மாட்டி வைத்திருக்கிறார். மோட்டாருக்குப் பதிலாக அதில் ஒரு குண்டு பல்பு இருக்கும். நான் விஷயத்தைச் சொன்னதும், "அப்படில்லாம் ஆகாதுக்கா. ஒங்க நம்பரும் மாரி அண்ணன் நம்பரும் தவிர வேற எந்த நம்பருக்கும் அது கட்டுப்படாது. நான்தான செட் பண்ணுனேன்" என்றார். செய்துதான் பார்ப்போமே என்று பிடிவாதம் பிடித்தேன். என் எண்ணை அந்தப் பெட்டியில் பதிந்துகொண்டார். கடையில் ரிப்பேருக்கு வந்திருந்த, நேசண்ணனுடையது போன்ற ஒரு பட்டன் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

நான் பெட்டியைக் கூப்பிட்டேன். மோட்டார் நிற்கிறது என்று குரல் சொன்னது, பல்பு அணைந்திருந்தது. ஹோல்டில் வைத்து, பட்டன் போனைக் கூப்பிட்டு, சேர்த்தேன். அதன் பிறகு என் கணவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தபடி அவர் சத்தீஸ்கரில் இருந்து என்னைக் கூப்பிட்டார். நேற்றுச் செய்தது போலவே, இருந்ததை ஹோல்டில் வைத்துவிட்டு அவர் அழைப்பை எடுத்தேன். சதீஷிடம் ஒன்றை அழுத்தச் சொல்லிக் கை காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டேதான் அழுத்தினார். பெட்டிக்குள் டப் என்று விழுந்தது. பல்பு எரிந்தது.

சதீஷ் போனையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்தார். நான் லைனை விட்டு வெளியே போனாலும், நான் சேர்த்து வைத்த இருவரும் ஒருவரோடு ஒருவர் லைனிலேயேதான் இருக்கிறார்கள். பெட்டியைப் பொறுத்தவரை கூப்பிட்டது என் எண். அந்த லைனுக்குள் யார் பட்டனை அழுத்தினாலும் அது நான் அழுத்தியதுதான். இன்னும் ஒரு தடவை செய்தோம், மறுபடியும் எரிந்தது. "ஏ முனீஸ்வரி, என்ன ஆச்சு?" என்று என் கணவர் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொல்கிறேன் என்று துண்டித்தேன். சதீஷ் இதே வாக்குமூலம் கொடுக்கத் தயாராக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

அதன் பிறகு மதுரையில் இருக்கும் ஜெயபாயைக் கூப்பிட்டேன். முதல் இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, "எதுக்கு இப்ப போன் போடுத?" என்றார். நேசண்ணன் குனிந்து வேலை பார்த்தபோது அவர் பையில் போன் ஏதாவது சத்தம் போட்டதா என்று கேட்டேன். "கிணத்துக்குள்ள கீ கீன்னு கேட்டுச்சு. யாரோ கூப்பிடுதாகன்னு நெனச்சேன்" என்றார். மணி அடிக்கிற சத்தமா, பட்டன் அமுக்குகிற சத்தமா என்று கேட்டேன். அவர் நேசண்ணனின் போனைக் கையிலேயே வைத்திருந்தார். மேடையில் கிடந்ததை எடுத்து அவரிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பட்டனை அமுக்கிப் பார்த்தார். அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. "இந்தச் சத்தந்தான்" என்றார்.

கிளாண்ட் கயிற்றை இறுக்கும் நட்டைத் திருப்ப வேண்டுமென்றால் பம்பின் மேல் நெஞ்சைச் சாய்த்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. சட்டைப் பையில் பேசிக்கொண்டிருக்கும் நிலையிலேயே போன் இருந்தது. பேச்சு நடக்கும்போது அந்த மாதிரிப் போனில் பட்டன்கள் பூட்டிக்கொள்ளாது என்று சதீஷ் சொன்னார். நெஞ்சுக்கும் இரும்புக்கும் நடுவில் அமுங்கிய பட்டன்களில் ஒன்றாம் எண்ணும் இருந்திருக்கிறது.

நான் இதை ஜெயபாயிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லி முடித்தேன். அவர், "அப்போ என் வீட்டுக்காரரே போட்டுக்கிட்டாருங்கியா? அம்புட்டு ஜாக்கிரதையா எறங்குற மனுசன் அவரே போட்டுக்கிட்டாரா?" என்று கேட்டார். "இல்லக்கா, அவுக மேல ஒரு தப்பும் இல்ல. கூப்பிட்டவதான் கட் பண்ணணும்னு மரியாதைக்குக் காத்துக்கிட்டிருந்தாக. கூப்பிட்டவ நான். நான் கட் பண்ணாம ஹோல்டுல போட்டுட்டுச் சண்டைக்குப் போயிட்டேன்" என்றேன். அவர் அழுதார். பிறகு, "மாரித்தம்பி உள்ள எறங்கலன்னா இவுக தண்ணியிலயே போயிருப்பாக. நான் நேத்து வெறியில எழுதிக் குடுத்துட்டேன். போலீசுல நீயே சொல்லீரு" என்றார். துண்டிக்கும் முன்பு, நேசண்ணன் காலையில் கண் திறந்து பார்த்ததாகவும், இன்னும் பேசவில்லை என்றும் சொன்னார். அவர் துண்டிக்கும் வரை நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

சாவி கேட்காதது, கொழுந்தன் முறையில் அவருக்குச் சொல்லாமல் மோட்டாரை நிறுத்தியது, லைனைத் துண்டிக்காமல் விட்டது எல்லாம் நான் செய்தவை. இதற்கு என் மேல் வழக்கு வருமென்றால் வரட்டும். என் கொழுந்தன் வாயால் போடுவேன் என்று சொன்னாரே தவிர, அவர் கை மோட்டாரைத் தொடவில்லை. ஆள் இருக்கிறது என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அவர் செய்ததெல்லாம் நேசண்ணனைக் காப்பாற்றத்தான்.

இதுவரை எழுதி முடிக்கும் நேரத்தில் நடந்ததையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டதன் பேரில் ஏட்டையா எழுதுகிறார். மேசை மேல் இருந்த என் போன் அடித்தது. திரையில் 'மோட்டார்' என்று இருந்தது. தோப்பில் கரண்ட் வந்திருக்கிறது. அறை பூட்டியபடியே கிடக்கிறது, பியூஸ் அப்படியே இருக்கிறது. நான் எடுக்கவில்லை. "ஏம்மா எடுக்கல?" என்று ஏட்டையா கேட்டார். இது கொழுந்தன் முறை வாரம் என்றேன். போன் அடித்து ஓய்ந்தது.

சற்று நேரத்தில் ஏட்டையாவின் மேசை இழுப்பறைக்குள் இன்னொரு போன் அடித்தது. நேற்று என் கொழுந்தனிடமிருந்து வாங்கி வைத்த போன் அது. ஏட்டையா இழுப்பறையைத் திறந்து அதைக் கையில் எடுத்தார். எடுத்துப் பேசலாமா என்று யோசித்தபடி நின்றார். அப்போது பின்பக்க அறைக்குள்ளிருந்து என் கொழுந்தன் குரல் வந்தது. நான் வந்ததோ, இங்கே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்ததோ அவருக்குத் தெரியாது.

"ஏட்டையா, அது மோட்டாரு, அதுக்குன்னு நான் வச்ச ரிங்டோனு. எடுத்தாலும் ஒண்ண மட்டும் அமுக்கிராதீக. எங்க மதினிக்குப் போன் போட்டு, கிணத்துக்குள்ள யாரும் எறங்கியிருக்காகளான்னு மொதல்ல கேட்டுக்கிடுங்க" என்றார்.

நான், "யாரும் இல்ல தம்பி" என்று சத்தமாகச் சொன்னேன். போன் அடித்து ஓய்ந்தது.

மேலே உள்ளதை ஏட்டையா எனக்குப் படித்துக் காட்டினார். நேற்றுச் சொன்னதோடு சேர்த்துப் படித்தால்தான் இது முழு உண்மையாகும். யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் நானே சொல்லி எழுதச் செய்தேன். சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்து இடுகிறேன்.

(ஒப்பம்) வே. முனீஸ்வரி